இனாமா, பங்கா?

கேரள அரசின் திருவோணம் பம்பர் குலுக்கல் 2023 செப்டம்பர் 20-ஆம் தேதி நடந்தது. சீட்டு விலை 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. பரிசு விழுந்தது வாளையாரில் விற்ற சீட்டுக்கு. வாங்கியவர்கள் திருப்பூர் வட்டாரத்து ஆட்கள் நாலு பேர், கூட்டாளிகள். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரியைத் தடை பண்ணியாச்சு. ஆனாலும் எல்லை தாண்டிப் போய் வருகிற நம்ம சனங்க வாளையாரில் வண்டியை நிறுத்திச் சீட்டு வாங்குவது நிற்கவில்லை. சனிக்கிழமை சம்பளத்தை வாங்கி வாடகை, மளிகை, வட்டி என்று பிரித்துக் கொடுத்த பிறகு மிஞ்சுகிற நோட்டுக்கு ஒரு கனவாவது கிடைக்கட்டுமே என்கிற கணக்கு அது.

பவர் டேபிள்காரரும் கைமடிப் பொண்ணும் செக்கிங் அக்காவும் டீ குடிக்கிற பத்து நிமிசத்தில் இந்த மாதிரிச் சேதியைப் பேசாமல் இருப்பதில்லை. வரி எவ்வளவு போகும், நமக்கு விழுந்தா மொதல்ல எந்தக் கடனை அடைக்கிறது என்று பேச்சு ஓடும். அந்தப் பேச்சில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "ஏனுங்ண்ணா, அந்தச் சீட்டை வித்த ஆளுக்கு என்ன குடுத்திருப்பாங்க?" உடனே ரெண்டு கட்சி. "குடுக்காம இருந்தா அது மனுசத்தனமா?" என்று ஒரு கட்சி. "எதுக்குக் குடுக்கணும், அவன் என்ன நம்பர் பாத்தா குடுத்தான்?" என்று இன்னொரு கட்சி.

கேள்வி சின்னதாகத் தெரியும். கோவாவில் மாண்டோவி ஆற்றில் நிற்கிற கேசினோக் கப்பலில் ஜாக்பாட் அடித்தவனுக்கும் இதே கேள்விதான். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் மெஷின் மணியடித்ததும், கழுத்துப் பட்டி கட்டின பணியாளர் வந்து நோட்டுகளை எண்ணிக் கையில் வைப்பார். அவருக்கு டிப்ஸ் கொடுப்பது வழக்கம், சட்டமில்லை. கொடுக்கலாமா, எவ்வளவு, கொடுக்காவிட்டால் கேவலமா என்று அங்கேயும் சண்டை நடக்கிறது. பணக்காரன் விளையாட்டுப் பற்றிய பேச்சு நமக்கெதற்கு என்று தள்ளிவிட வேண்டாம். ஒருத்தருக்குத் திடீரென்று வந்து குவிகிற செல்வத்தில், பக்கத்தில் நின்று வேலை செய்தவருக்கு என்ன பாத்தியதை? காலம் காலமாகப் பக்கத்தில் நிற்க வைக்கப்பட்ட நாம் கேட்க வேண்டிய கேள்விதான் இது.

முதலில் "அவன் என்ன பண்ணினான்?" என்கிற வாதத்தை எடுத்துக்கொள்வோம். மெஷின் கொடுத்தது, இவன் எண்ணி வைத்தான், அவ்வளவுதானே என்கிறார்கள். சரி. ஜெயித்தவர் என்ன பண்ணினார்? பொத்தானை அமுக்கினார். சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். உழைப்பைத்தான் தராசில் போடுவது என்றால், ராத்திரி முழுக்கக் கால்கடுக்க நின்றவன் பக்கம்தான் தட்டு இறங்கும். வாளையார் வெயிலில் சீட்டுக் கட்டோடு வண்டி வண்டியாக ஓடுகிறவர் பக்கம்தான் இறங்கும். "உழைக்காதவனுக்கு எதுக்கு?" என்கிற சட்டத்தை அமல்படுத்தினால் முதலில் காலியாகிற கை பரிசுக்காரருடையது.

"என் அதிர்ஷ்டம், என் காசு" என்பதும் முழு உண்மை கிடையாது. 2023 திருவோணம் பம்பரில் 75 லட்சத்துக்கும் மேலான சீட்டுகள் விற்றன. அந்த 25 கோடி ஆகாயத்திலிருந்து விழவில்லை. தோற்ற லட்சக்கணக்கான பேருடைய 500 ரூபாய்களின் குவியல் அது. அவர்களில் கட்டடக்கூலியும் தோட்டக்கூலியும் பனியன் தொழிலாளியும் உண்டு. கேசினோவின் ஜாக்பாட்டும் அதே ராத்திரியும் அதற்கு முந்தின ராத்திரிகளிலும் தோற்றவர்களுடைய காசுதான். அதிர்ஷ்டம் என்பது பலபேர் இழந்ததை ஒருத்தர் கையில் சேர்க்கிற ஏற்பாடு. அதில் வந்ததை "நான் சம்பாதிச்சது" என்று சொல்லும்போதே நாக்கு கொஞ்சம் கூச வேண்டும்.

ஆகவே கொடுக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கொடுக்கிறது எந்தப் பெயரில் என்பதில்தான் விசயம் இருக்கிறது.

கேரள லாட்டரியில் ஒரு விதி உண்டு. பரிசுத் தொகையில் ஒரு பகுதி ஏஜெண்ட் கமிஷனாகக் கழிந்துவிடும்; 2023 பம்பரில் அது 10 சதவீதம். 25 கோடியில் இரண்டரைக் கோடி அப்படிப் போனது. மீதி 22.5 கோடியில் 30 சதவீத வருமான வரியாக 6.75 கோடி பிடிப்பார்கள். கையில் வருவது 15.75 கோடி, அதற்கு மேலும் கூடுதல் வரி உண்டு. இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஏஜெண்டுக்குப் போகிற இரண்டரைக் கோடிக்கு யாரும் யாரையும் கும்பிட வேண்டியதில்லை. பரிசுக்காரர் நல்லவரா கஞ்சரா என்று பார்க்க வேண்டியதில்லை. "சந்தோசமா எதாவது குடுங்க" என்று பல்லைக் காட்ட வேண்டியதில்லை. சீட்டு அச்சாகும்போதே பங்கும் எழுதியாகிவிட்டது. லாட்டரி ஏஜெண்டுகளுக்கும் விற்பனையாளர்களுக்கும் 2008-ல் கேரளம் தனியாக நலநிதிச் சட்டமே போட்டது. இதுதான் பங்கு.

ஓட்டை இல்லாமல் இல்லை. கமிஷன் ஏஜெண்ட் பெயரில் வரும். அவரிடம் சீட்டு வாங்கி, மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து தெருத்தெருவாக விற்கிற மாற்றுத்திறனாளிக்கு அதில் எவ்வளவு என்பது அவர்களுக்குள்ளான பேச்சு. பங்கு அந்தக் கடைசி ஆளுக்கு வருமுன்னே திரும்பவும் இனாமாகிவிடக் கூடும்.

2021 மார்ச்சில் ஆலுவா பக்கம் நடந்ததைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. லாட்டரி விற்கிற ஒரு பெண். வழக்கமாக வாங்குகிறவர் ஒருத்தர் போனில் சொல்லி ஒரு சீட்டை எடுத்து வைக்கச் சொன்னார், காசு பிறகு தருவதாகப் பேச்சு. அந்தச் சீட்டுக்கு 6 கோடி விழுந்தது. சீட்டு அந்தப் பெண் கையில், காசு இன்னும் வரவில்லை. அவர் தயங்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார். நாடே அவர் நேர்மையைப் பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஏழை சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் அது ஏன் சேதியாகிறது? இவங்ககிட்ட இதை எதிர்பார்க்கலை என்கிற நினைப்பு அந்தப் பாராட்டுக்குள் இருக்கிறது. சில பாராட்டும் இனாம்தான், மேலே நின்றுகொண்டு போடுவது.

இனாம் என்கிற சொல்லையே கொஞ்சம் பார்ப்போம். பெரிய சாதிக்காரனுக்குக் கொடுத்தபோது அதற்கு நிலம் என்று அர்த்தம். கோயிலுக்கு இனாம், பிராமணனுக்கு இனாம். அதற்குப் பட்டயம் உண்டு, வரிச்சலுகை உண்டு, பிள்ளை பேரனுக்கும் பாத்தியதை உண்டு. வெள்ளைக்காரன் 1858-ல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷனே வைத்து, யாருக்கு என்ன உரிமை என்று கிராமம் கிராமமாகப் பதிந்தான். அதே சொல் சேரிக்கு வரும்போது என்ன ஆனது? சாவுக்குப் பறையடித்தவன் முன்னால் விட்டெறிகிற சில்லறைக்குப் பேரும் இனாம். மேலே போனால் உரிமை, கீழே வந்தால் பிச்சை. ஒரே சொல்லுக்குள் சாதி இப்படிக் குடியிருக்கிறது.

கொங்குச் சீமையில் நம்ம பாட்டன் பூட்டன் வாங்கினதெல்லாம் இந்த இரண்டாவது வகை இனாம்தான். கவலைக்குத் தோல்சால் தைத்துக் கொடுத்தார்கள், செருப்புத் தைத்தார்கள், பண்ணையத்தில் விடியுமுன்னே போய்ப் பொழுது சாய்ந்து வந்தார்கள். அதற்குக் கூலி என்று பேர் கிடையாது. களத்துமேட்டில் அளந்து போடுகிற தானியம், தீபாவளிக்கு வாசலுக்கு வெளியே நின்று வாங்குகிற பலகாரம், வருசத்துக்கு ஒரு துணி. தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "சாமி" என்று நிற்க வேண்டும். வேலை வாங்கியவன் கொடுத்தவனாக ஆகிவிட்டான். உழைத்தவன் வாங்கினவனாக ஆகிவிட்டான். கடன்பட்டவன் யார், கடன் கொடுத்தவன் யார் என்கிற கணக்கையே தலைகீழாக எழுதிவைத்தார்கள்.

இந்தத் தலைகீழ்க் கணக்கை அண்ணல் அம்பேத்கர் கையோடு பிடித்தார். மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கு வத்தன் என்று ஒரு ஏற்பாடு. சர்க்கார் வேலை, ஊர்வேலை எல்லாம் இரவும் பகலும் பார்க்க வேண்டும். அதற்குத் துண்டு நிலமும் ஊரார் போடுகிற தானியமும். ஊருக்குப் பிடிக்காவிட்டால் தானியம் நிற்கும். 1928-ல் பம்பாய் சட்டசபையில் இதை மாற்ற அவர் மசோதா கொண்டுவந்தார். ஊரார் கைநீட்டிப் போடுவது வேண்டாம், வேலைக்கு உறுதியான பணச் சம்பளம் வேண்டும் என்பது அதன் சாரம். அன்று மசோதா நிறைவேறவில்லை. கீழ்நிலை வத்தன்களை ஒழிக்கும் சட்டம் பம்பாயில் 1958-ல்தான் வந்தது. தானமாக வருவது தாராளமாக இருந்தாலும் அது அடிமைச்சங்கிலி என்பதை அவர் முன்னமே பார்த்துவிட்டார்.

கடல்தாண்டியும் இதே கதைதான். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த பிறகு புல்மன் கம்பெனி ரயிலின் படுக்கைப் பெட்டிகளில் கறுப்பின ஆண்களைப் பணியாளர்களாக வைத்தது. சம்பளம் சொற்பம், டிப்ஸை நம்பித்தான் குடும்பம். பயணிகள் அவர்கள் எல்லாரையும் முதலாளியின் பெயரால் "ஜார்ஜ்" என்று கூப்பிட்டார்கள், அடிமையை எஜமான் பெயரால் கூப்பிட்ட பழைய வழக்கம் போல. நரைத்த கிழவரையும் இங்கே "டேய்" என்று கூப்பிட்ட வாய்களை நமக்குத் தெரியும்தானே? 1925-ல் அந்தப் பணியாளர்கள் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு வருசம் கழித்து 1937-ல் கம்பெனி அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. அவர்கள் கேட்டது இன்னும் பெரிய டிப்ஸ் இல்லை. சம்பளமும் வேலை நேர வரையறையும் கேட்டார்கள். அந்த நாட்டில் பழைய புத்தி இன்னும் போகவில்லை. டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி 1991-லிருந்து மணிக்கு 2.13 டாலரில் நிற்கிறது. மீதியை டிப்ஸ் சரிக்கட்டிவிடுமாம். லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடா மாதிரிச் சில மாநிலங்கள்தான் இந்தக் கழிவை ஏற்கவில்லை.

இப்போது திருப்பூருக்கு வருவோம். இங்கே கேசினோ கிடையாது. ஆனால் ஜாக்பாட் உண்டு. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பை ரெண்டு தவணையாகக் குறைத்தார்கள். டாலரில் விலை பேசியிருந்த ஏற்றுமதிக்காரருக்கு, ஒரு பனியன்கூடக் கூடுதலாகத் தைக்காமலே, ரூபாய்க் கணக்கு ஏறியது. 2005 ஜனவரி முதல் தேதி உலகத் துணி வர்த்தகத்தில் கோட்டா முறை முடிந்து புதுக்கதவு திறந்தது. டாலர் ஏறும்போதெல்லாம் யாருக்கோ மெஷின் மணியடிக்கிறது. பக்கத்தில் நின்று பிசிறு வெட்டினவருக்கு அதில் என்ன? "நல்ல ஆர்டருங்க, இந்தத் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் பெருசு" என்பார்கள். டாலர் இறங்கினால் மட்டும் "நட்டத்தை எல்லாரும் பங்குபோட்டுக்கணும்" என்று பீஸ் ரேட்டில் கைவைக்கப் பார்ப்பார்கள். லாபம் வந்தா இனாம், நட்டம் வந்தா பங்கு! நியாயம் நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

இந்த ஊர்த் தொழிலாளிக்கு வித்தியாசம் தெரியாமல் இல்லை. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. விலைவாசி ஏறினால் கூலி ஏற வேண்டும், அது முதலாளியின் மனசைப் பொறுத்ததில்லை என்பதுதான் அந்தச் சண்டை.

தீபாவளி போனஸே ஒரு காலத்தில் இனாம்தான். முதல் உலகப்போர் நேரத்தில், 1917-ல், பம்பாய் மில் முதலாளிகள் கொழுத்த லாபத்தில் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தார்கள். பிறகு நிறுத்தினார்கள். 1924-ல் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை நீதிபதி மெக்லியோட் தலைமையிலான குழு, போனஸ் கேட்கத் தொழிலாளிக்குச் சட்ட உரிமை கிடையாது என்றது. கொடுத்தவன் விரும்பிக் கொடுத்தது, நிறுத்தினால் கேட்க முடியாது. தீர்ப்போடு விசயம் முடிந்துவிடவில்லை. நாற்பது வருசம் கேட்டுக் கேட்டு 1965-ல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தது 4 சதவீதம், அதிகம் 20 சதவீதம் என்று எழுதியது; குறைந்த அளவு பிறகு 8.33 சதவீதமானது. 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்தச் சதவீதங்கள் தொடர்கின்றன. கைநீட்டி வாங்கினது கணக்குக் கேட்டு வாங்குவதாக மாறின வரலாறு இது.

நேரெதிராக, உரிமையை இனாமாக மாற்றின வரலாறும் இதே வட்டாரத்தில் உண்டு. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று கொண்டுவந்தார்கள். வறண்ட மாவட்டங்களிலிருந்து வயசுப் பெண்களை, அவர்களில் பெரும்பகுதி தலித் குடும்பத்துப் பெண்களை, விடுதியில் வைத்து மூன்று வருசம் வேலை வாங்கினார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாக ஒரு தொகை. அந்தத் தொகை அவளுடைய கூலியிலிருந்து மாதாமாதம் பிடித்து வைத்ததுதான். அவள் காசை அவளுக்கே சீதனம் மாதிரிக் கொடுத்தார்கள். நடுவில் உடம்பு முடியாமல் போனால் அதுவும் கைக்கு வராது. தாலியின் பேரைச் சொல்லிக் கூலியைப் பிடித்து வைத்த தந்திரத்துக்கு நலத்திட்டம் என்று பேர்!

இதையெல்லாம் சொன்னால் நம்ம தோழர்களில் சிலர் சட்டென்று ஒரு முடிவுக்கு வருவார்கள்: "அப்போ டிப்ஸே குடுக்கக்கூடாது. குடுத்தா முதலாளி சம்பளத்தைக் கொறைப்பான், தொழிலாளி கூனிக் குறுகுவான்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கொள்கைக்கு இன்றைக்கு ராத்திரி விலை கொடுப்பது யார்? ஜெயித்தவருக்குக் காசு மிச்சம், கொள்கைவாதி என்கிற பேரும் மிச்சம். பட்டினி நின்றவனுக்கு. பறையடிக்க மாட்டோம், சாவுச்சேதி சொல்லப் போகமாட்டோம், வீசுகிற காசைப் பொறுக்கமாட்டோம் என்று நம்ம ஊர்களில் எழுந்து நின்றவர்கள் வாங்குகிற இடத்தில் இருந்தவர்கள். அடி வாங்கினார்கள், வேலை இழந்தார்கள், தாங்கினார்கள். வேண்டாம் என்று சொல்கிற உரிமை அவர்களுடையது. கொடுக்க வேண்டிய இடத்தில் இருக்கிறவன் அந்த உரிமையை இரவல் வாங்கிக்கொண்டு, "உன் சுயமரியாதைக்காகத்தான் நான் குடுக்கலை" என்று பையை இறுக்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. டிப்ஸ் யார் கைக்குப் போகிறது? கண்ணில் படுகிறவர் கைக்கு. சிரித்துக்கொண்டு நோட்டை எண்ணி வைத்தவருக்குக் கிடைக்கும். அதே கட்டடத்தில் கக்கூஸ் கழுவினவருக்குக் கிடைக்காது. முன்னால் நிறுத்த யார் லாயக்கு, பின்பக்கம் யார் என்று தீர்மானிப்பது நம்ம நாட்டில் எது என்று சொல்லவா வேண்டும்? ஓட்டலில் பரிமாறுகிறவருக்கு டிப்ஸ், எச்சில் தட்டுக் கழுவுகிறவருக்கு இல்லை. மனசு இரங்கித் தருவது என்று விட்டுவிட்டால் அந்த மனசு சாதி போட்ட வழியிலேதான் இரங்கும். பொதுவில் போட்டுப் பிரிக்கிற விதி இருந்தால்தான் பின்பக்கத்து ஆளுக்கும் ஏதாவது வந்து சேரும்.

விதி இல்லாத இடத்தில் ஜெயித்தவருக்கும் நிம்மதி இல்லை. 2022 திருவோணம் பம்பரில் 25 கோடி வென்ற திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர், சில நாளிலேயே, உதவி கேட்டு வருகிறவர்களால் சொந்த வீட்டில் இருக்க முடியவில்லை, ஏன்தான் விழுந்ததோ என்று வெளிப்படையாகப் புலம்பினார். அவர் கல்மனசுக்காரர் என்றோ கேட்டு வந்தவர்கள் பேராசைக்காரர்கள் என்றோ சொல்ல நான் தயாரில்லை. மருத்துவச் செலவுக்கும் படிப்புச் செலவுக்கும் அரசிடம் உரிமையாகக் கேட்டுப் பெற வழி அடைபட்ட சனங்க அதிர்ஷ்டக்காரன் வாசலில் போய் நிற்கிறார்கள். வாசலில் நின்றாலே ஒருத்தர் பண்ணாடி, இன்னொருத்தர் பண்ணையாள். ஆட்டோக்காரரே ஆனாலும், நம்ம ஆளே ஆனாலும், அந்தத் திண்ணையில் உட்கார வைத்தால் கொஞ்ச நாளில் குரல் மாறிப்போகும்.

வாளையாரில் சீட்டு வாங்கின நாலு பேருக்குள் இந்தச் சிக்கல் இருந்திருக்காது. ஒருத்தர் இன்னொருத்தருக்குத் தர்மம் பண்ணவில்லை. கூட்டாக வாங்கினார்கள், கூட்டாகப் பாத்தியதை. முன்னமே பேசிவைத்தது எதுவோ அது பங்கு, பின்னால் மனசு வந்து போடுவது இனாம். இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு நம்ம கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம்.

ஜெயித்தவர் கொடுக்கட்டும். ஜெயிக்கும் முன்னமே இவ்வளவு என்று முடிவு பண்ணி, அதைச் சொல்லியும் வைக்கட்டும். எண்ணி வைத்தவருக்கு மட்டுமில்லாமல் தரை துடைத்தவருக்கும் சேருகிற மாதிரிக் கொடுக்கட்டும். கொடுத்த கையோடு நன்றிக்காக நிற்காமல் நகரட்டும், ஏனென்றால் கொடுத்தது கடன், தர்மம் இல்லை. அதோடு கணக்கு முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். அந்தப் பணியாளர் நாளைக்குச் சம்பளம் கேட்டுக் கேட்டில் உட்கார்ந்தால், "நேத்துத்தான் டிப்ஸ் வாங்கினியே" என்று சொல்லாமல் அவர் பக்கம் நிற்க வேண்டும். டிப்ஸ் கொடுத்தவருடைய யோக்கியதை தெரிகிற இடம் அதுதான்.

வாங்குகிறவருக்குச் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான். வாங்கிக்கோங்க, குனிய வேண்டாம். துண்டு தோளிலேயே இருக்கட்டும்.